கரடிமுடியில் ஈரல் வறுவல்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். செம்பட்டி தாண்டினால் அந்தப் பக்கம் மலை தெரிய ஆரம்பிக்கும். மலையைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

பை மடியிலேயே இருக்கட்டும். மேலே போட்டால் எவனாவது வெடிப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைப்பான். வாசனை வருகிறதா? நாட்டு மருந்துக் கடைச் சாமான். சித்தரத்தை, அதிமதுரம், கொஞ்சம் பனங்கற்கண்டு. எனக்குத்தான். மில்லில் வேலை செய்கிறவனுக்குத் தொண்டையில் எப்போதும் பஞ்சு இருக்கும்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? பூலாங்கரையா? அட. அங்கே யார் வீடு? ரேஷன் கடைத் தெருவா? அப்படியென்றால் பச்சைக் கேட் வீடு தெரிந்திருக்குமே. கேட்டில் மயில் மாதிரி ஒன்றை வெல்டிங் செய்து, அது கோழி மாதிரி வந்திருக்கும். அதேதான். என் மாமனார் வீடு. நான் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை, நாகமாணிக்கம்.

இல்லை, நான் அங்கே இறங்கவில்லை. வத்தலக்குண்டு போகிறேன். சினேகிதன் ஒருத்தனைப் பார்க்க. தீபாவளிக்கு முந்தின நாள் சினேகிதனைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையே?

கூப்பிடாத வீட்டில் மாப்பிள்ளை கால் வைக்க மாட்டான். வருஷா வருஷம் மாமா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு தேடி வருவார். "தீபாவளிக்கு வந்துருங்க மாப்ள" என்பார். "மில்லுல லீவு கிடைக்குமான்னு தெரியல மாமா" என்பேன். லீவு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அது வேறு. இந்த வருஷம் மாமா வரவில்லை. என் பெண்டாட்டி இந்திராணி அங்கேதான் இருக்கிறாள், ஆவணியிலிருந்து. என் மகள் மதுமிதா அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். நாளைக்கு விடிந்தால் அந்த வீட்டில் கறி எடுப்பார்கள். ஈரலை யார் தட்டில் வைப்பார்கள்? சிரிக்காதீர்கள். அதுதான் கேள்வி.

அந்த வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தாலும் சரி, கோழி அறுத்தாலும் சரி, ஈரல் எனக்கு. கல்யாணமான முதல் விருந்திலேயே அத்தை மிளகு போட்டு வறுத்து என் இலையில் வைத்தது. அன்றையிலிருந்து அது முறை. நான் உட்கார்ந்து ஈரலில் கை வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. மாமாவே காத்திருப்பார். மில்லில் என்னை எவனும் 'வா' என்றுகூடக் கூப்பிடுவதில்லை, விசில்தான். பூலாங்கரை போனால் ஒரு வீடே எனக்காகப் பசியோடு உட்கார்ந்திருக்கும். மனுஷனுக்கு அப்படி ஒரு இடமாவது வேண்டாமா?

அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தான் பிரசன்னா. இந்திராணியின் தங்கை சுகந்தியைக் கட்டியவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் வைகாசியில். பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஆடி முடிந்து கூட்டிப் போக வந்தவன், கூட்டிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். "எல்லாரும் ஒரு நாள் ட்ரெக்கிங் போலாம் மாமா" என்றான்.

"அப்படின்னா?" என்றார் மாமா.

"மலை ஏறி இறங்குறது மாமா. கரடிமுடின்னு ஒரு இடம், பக்கத்துலதான்."

"மேல கோயில் இருக்கா?"

"இல்ல."

"யாராவது சொந்தக்காரங்க?"

"இல்ல மாமா, வியூ நல்லாருக்கும்."

"அப்ப எதுக்கு ஏறணும்?"

"இறங்குறதுக்குத்தான் மாமா" என்றேன் நான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இந்திராணி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். என் பேச்சுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். சிரிக்கும்போது சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். அவன் என்னை 'ப்ரோ' என்கிறான். சகலை என்றால் 'சகல' என்று கூப்பிட வேண்டும், இல்லையா, வயதுக்கு மரியாதை கொடுத்து 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும். ப்ரோவாம். கடலை பாக்கெட் விற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி.

எனக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். காலையில் வெளியே வந்தால் மில் கேட்டில் வேன் நிற்கிறது. "நீங்க வீட்ல தூங்குங்க, நாங்க போயிட்டு வந்துர்றோம்" என்கிறாள் இந்திராணி. எப்படி நைசாகக் கழற்றி விடப் பார்த்தாள் பாருங்கள். நான் விடுவேனா? ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கினேன் என்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் அவன் வேஷத்தைப் பார்க்க வேண்டுமே. முழங்காலில் ஜிப் வைத்த பேண்ட். ஜிப்பைத் திறந்தால் பாதி பேண்ட் கழன்று வந்துவிடும். முதுகில் ஒரு பை, அதிலிருந்து ஒரு குழாய் வாய் வரைக்கும், அதில் தண்ணீர் உறிஞ்சுகிறான். குளுக்கோஸ் ஏற்றுகிற நோயாளியை எழுப்பி நடக்க விட்ட மாதிரி இருந்தது. ரெண்டு கையிலும் ரெண்டு ஊன்றுகோல். எழுபது வயசு மாமா வெறுங்கையை வீசிக்கொண்டு போகிறார், முப்பது வயசுக்காரனுக்கு நாலு கால். நான் என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு நடந்தேன். அத்தை எவர்சில்வர் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியது. பாதி தூரத்தில் பிரசன்னா அதை வாங்கிக்கொண்டான். நல்ல பெயர் எடுக்கிற பயல். எனக்கும் தோன்றியதுதான், ஆனால் மூத்த மாப்பிள்ளை தூக்குச் சட்டி சுமந்தால் நன்றாகவா இருக்கும்?

மேலே போகப் போகப் பனி. ஒரு ஊற்று, பக்கத்தில் அகலமாகப் பாறைகள். இங்கே சாப்பிடலாம் என்றார் மாமா. கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் விஷயம்.

வீட்டில் என்றால் பந்தி. ஓரத்து இலை என்னுடையது. இங்கே இலையும் இல்லை, பந்தியும் இல்லை, ஆளாளுக்கு ஒரு பாறை. கையில் காகிதத் தட்டு. அத்தை தூக்கைத் திறந்தது. மிளகு வாசனை. நான் துண்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தை கரண்டியில் ஈரலை அள்ளியது. அள்ளி, திரும்பி, அவன் தட்டில் போட்டது.

"சாப்பிடுங்க மாப்ள. தூக்கெல்லாம் சொமந்து வந்தீங்க."

அவன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே என்னைப் பார்த்து, "செம டேஸ்ட் ப்ரோ. லிவர்ல அயர்ன் ஜாஸ்தி, தெரியுமா?" என்றான்.

பதினேழு வருஷமாக நான் தின்கிற ஈரலைப் பற்றி எனக்கே பாடம்.

"ஒதுங்கிட்டு வர்றேன்" என்று எழுந்தேன். இந்திராணி என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, இருங்க, உங்களுக்கு..." என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் நிற்கவில்லை. நின்றால் அது முறுக்கு இல்லை.

மாப்பிள்ளை முறுக்கு என்றால் சும்மா கோபித்துக்கொண்டு போவது என்று நினைக்கிறீர்களா? அதில் வேலை இருக்கிறது. ரொம்ப தூரம் போனால் தேட மாட்டார்கள், பக்கத்தில் நின்றால் மதிக்க மாட்டார்கள். முதலில் பெண்டாட்டி வந்து கூப்பிடுவாள், அது கணக்கில் வராது. அப்புறம் அத்தை வரும், "பசிக்கல" என்று சொல்ல வேண்டும். கடைசியில் மாமா வந்து தோளில் கை வைத்து, "நம்ம வீட்டுல நீங்க இல்லாம யாரு மாப்ள" என்பார். அதற்கு அப்புறம்தான் எழுந்திருக்க வேண்டும். சுகந்தி கல்யாண போட்டோவில் என்னை ஓரமாக நிற்க வைத்தபோது நடந்தது. வீடு குடிபுகுந்த அன்று பால் காய்ச்ச என்னைக் கேட்காமல் அடுப்புப் பற்றவைத்தபோது நடந்தது. எல்லாருக்கும் அவரவர் வேலை தெரியும். அரை மணியில் முடிந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

ஆக, முறைப்படி எல்லாம் செய்தேன். கொஞ்சம் மேலே ஒரு பாறை. அதன் அடியில் ஆள் படுக்கிற அளவு குடைவு. தேடி வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே என்று தலைத் துண்டை அவிழ்த்து பள்ளத்து விளிம்பில் இருந்த செடியில் மாட்டினேன். எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள். போனை அணைத்தேன். முறுக்கிக்கொண்டு போகிறவன் போனை ஆன் செய்து வைத்திருந்தால் அதற்கு என்ன மரியாதை? குடைவுக்குள் போய் உட்கார்ந்தேன். பாறை கதகதப்பாக இருந்தது. ராத்திரி முழுக்க நூல் பிடித்த உடம்பு. கொஞ்சம் சாய்ந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தரும் வரவில்லை. தூக்கத்தில் ஒரு மயில் அகவுகிற மாதிரி கேட்டது, அவ்வளவுதான். ஒரு நேரம் மேலே கேட்டது, ஒரு நேரம் கீழே, அப்புறம் பக்கத்தில். சனியன் தூங்க விடாதோ என்று திரும்பிப் படுத்தேன். போகப் போக அதற்கே தொண்டை கம்மிவிட்டது. விழித்துப் பார்த்தால் பொழுது சாய்கிறது. ஊற்றுக்கு வந்தேன். பாறையில் ஆள் இல்லை. காகிதத் தட்டுகள் காற்றில் புரள்கின்றன. சோறு பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது, குரங்கு தின்றுகொண்டிருக்கிறது. என்னை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கண்ணில் தண்ணீர் வந்தது, பனி அல்லவா. வந்த வழியே போனால் வேனில் போய் அவர்களோடு உட்கார வேண்டும். மானம் என்று ஒன்று இருக்கிறதே. பின்பக்கம் காப்பித் தோட்டத்து வழியாக இறங்கினேன். ரோட்டில் வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. தாரோடு தாராக உட்கார்ந்து திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்து, குளித்து, இருந்த பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன். போனை ஆன் செய்யவில்லை. அவர்கள் எல்லாரும் பூலாங்கரையில் உட்கார்ந்து மிச்சக் கறியைத் தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க எரிந்தது.

விடியும்போது கதவைத் திறக்கிற சத்தம். இந்திராணி. சரி, கணக்கில் வராத முதல் ஆள் வந்துவிட்டாள், அடுத்து அத்தை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். என்ன கோலம் அது? சேலை கிழிந்து, தலையெல்லாம் சருகு, ஒரு காலில் செருப்பு இல்லை. வாசற்படியிலேயே நின்றாள். வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. சரி, இவளும் முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மெதுவாக வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கட்டை விரலைப் பிடித்தாள். விட்டாள். திரும்பப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கை ஜில்லென்று இருந்தது. நான் அசையவில்லை. எப்படி அசைவது? மாமா இன்னும் வரவில்லையே.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் தலைமாட்டில் வைத்தாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. வேன் கிளம்பிப் போய்விட்டது. எழுந்து டப்பாவைத் திறந்தால், ஈரல். முழுசாக, மூடி வரைக்கும். முந்தின நாள் வறுத்தது, கெட்டு வீச்சம் அடித்தது. கெட்டுப்போன கறியை ஒரு மனுஷன் தலைமாட்டில் வைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

மதுமிதா அப்புறம் துணிமணி எடுத்துப் போக வந்தாள். அப்போதுதான் சொன்னாள், அது எனக்கென்று அம்மா காலையிலேயே தனியாக எடுத்து வைத்ததாம். தூக்கில் இருந்தது மிச்சம்தானாம். "அதச் சொல்ல வந்தப்பதான நீங்க எந்திரிச்சுப் போனீங்க" என்றாள். சொல்ல வேண்டியதைச் சீக்கிரம் சொல்ல வேண்டும். இழுத்தால் யாருக்குத் தெரியும்?

தேடினார்களாம். முதலில் அரை மணி பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். "விடுங்கப்பா, அவரு வழக்கம்தான்" என்று இந்திராணியே சொன்னாளாம். அப்புறம் அவள் வந்து பார்த்தாள், ஆள் இல்லை. அப்புறம் எல்லாரும். பனி வேறு. நான் மாட்டிய துண்டு காற்றில் பறந்து கீழே பள்ளத்தில் ஒரு மரக்கிளையில் தொங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நான் விழுந்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். துண்டு தொங்கினால் துண்டு விழுந்தது என்று அர்த்தம். ஆள் விழுந்தான் என்று யார் சொன்னது? இதற்குத்தான் எதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது.

அந்த பிரசன்னா என்ன செய்தான் தெரியுமா? ஊன்றுகோலை எல்லாம் போட்டுவிட்டு, கொடியைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். பாதியில் கொடி அறுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்து கிடந்தபோதும் "அண்ணே, அண்ணே" என்று கத்தினானாம், மதுமிதா சொன்னாள். பார்த்தீர்களா, முறை அவனுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. ஆள் எதிரே இருக்கும்போது வாயில் வராது.

அடிவாரத்து ஆட்களும் காட்டிலாகாக்காரர்களும் விடிகிற வரைக்கும் தேடியிருக்கிறார்கள். காலையில் இந்திராணி வீட்டுக்கு வந்தது போலீசுக்குக் கொடுக்க என் போட்டோ எடுக்கத்தானாம். போட்டோவுக்கு வந்த இடத்தில் ஆளே கிடைத்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே? போய்விட்டாள். போட்டோவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அது எதற்கு என்றுதான் எனக்கு இன்றைக்கு வரை புரியவில்லை.

நானும் பார்த்தேன். ஆவணி போனது, புரட்டாசி போனது. இன்றைக்கு வருவார் மாமா, நாளைக்கு வருவார் என்று ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தாழ் போடாமல் படுப்பேன். மதுமிதா மட்டும் போன் செய்வாள். அம்மாவிடம் கொடு என்பேன். "அம்மாவால பேச முடியாதுப்பா, தொண்டை இன்னும் சரியாகல, டாக்டர் கத்தக் கூடாதுன்னுருக்காரு" என்பாள். நல்ல சாக்கு. மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, வேறென்ன.

என்ன கேட்டீர்கள்?

மயில்தான். காட்டில் மயில் இருக்காதா?

பனியில் மயில் அப்படி இடம் மாறி மாறிக் கத்துமா என்றா கேட்கிறீர்கள்? எனக்கென்ன தெரியும், நான் மில்லில் நூல் முடிச்சுப் போடுகிறவன். மேலே கேட்டது, கீழே கேட்டது, பக்கத்தில் கேட்டது. பக்கத்தில் என்றால், ரொம்பப் பக்கத்தில். பாறைக்கு அந்தப் பக்கம்.

தண்ணீர் பாட்டில் இருந்தால் கொடுங்கள். ஒரு வாய்.

அதோ தண்ணீர்த் தொட்டி. பூலாங்கரை வந்துவிட்டது. பையைப் பிடித்து இறங்குங்கள், கூட்டம். இருங்கள், ஒரு உதவி. இந்தப் பொட்டலத்தைப் பச்சைக் கேட் வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், சித்தரத்தையைத் தட்டிப் பாலில் போட வேண்டும். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். கேட்டால், அதுவும் அவர்களாகக் கேட்டால் மட்டும், மாப்பிள்ளை பஸ் ஸ்டாப் டீக்கடையில் நிற்கிறார் என்று சொல்லுங்கள்.

வத்தலக்குண்டுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இங்கே டீ நன்றாக இருக்கும், அதற்காக இறங்குகிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த வீட்டு வாசல் தெரியும்.

மாமாதான் வர வேண்டும் என்றில்லை. வெற்றிலை பாக்கெல்லாம் இந்த விலையில் எதற்கு. ஈரலையும் அந்தப் பயலே தின்னட்டும், அயர்ன் ஜாஸ்தி என்றானே, எலும்பு சேரட்டும். இந்திராணி வாசலுக்கு வந்தால் போதும்.

கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தொண்டையை அலட்டிக்கொள்ள வேண்டாம். கையைக் காட்டினால் போதும், நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.